மகனை எந்தத் துறையில் சேர்ப்பது?

கேள்வி: நாங்கள் மலேசியாவில் பினாங்கு மாநிலத்து நிபோங் தெபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டுகிறார். குலைகளை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகும் வேலை, 18 வருடம் ஆகிவிட்டது. நான் மூன்று வருடமாகப் பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் ஏஜென்ட் மூலமாக ஆபரேட்டர் வேலை செய்கிறேன். மகன் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். படிப்பு சுமார்தான், ஆனால் கை வேலை நன்றாக வரும். தோட்டத்தில் யார் வீட்டு வாஷிங் மெஷின் நின்றாலும் இவனைத்தான் கூப்பிடுவார்கள். போன மாதம் ஒரு கூட்டத்தில் எங்கள் மாவட்டத்தில் எந்தத் துறையில் எவ்வளவு பேர் வேலை செய்கிறார்கள் என்று அட்டவணை போட்டுக் காட்டினார்கள். விவசாயம் இறங்குகிறது, உற்பத்தித் துறை ஏறுகிறது, சேவைத் துறைதான் பெரியது என்றார்கள். மகனின் கூட்டாளி என்னுடைய ஏஜென்டிடமே சேர்ந்து ஓவர்டைமோடு மாதம் 2,600 வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிறான். இவனும் அங்கேயே போகிறேன் என்கிறான். அக்கம்பக்கத்தில் செமிகண்டக்டர், அதாவது சிப் தொழில்தான் நல்லது என்கிறார்கள். இதற்கிடையில் தோட்டத்தை விற்கப்போவதாகப் பேச்சு. விற்பதற்கு முன்னால் வேலையை விட்டுவிட்டு வெளியே பார்க்கலாமா என்று வீட்டுக்காரர் யோசிக்கிறார். நாங்கள் எந்தத் துறையை நம்புவது?

செபராங் பிறை தெற்கிலிருந்து ஒரு தாய்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் இன்னும் ராஜினாமாக் கடிதம் கொடுக்கவில்லை என்றால், தயவுசெய்து கொடுக்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள்.

காரணம் இதுதான். முதலாளி வேலையை நிறுத்தினால் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கு 1980-ஆம் ஆண்டின் விதிமுறை ஒன்று இருக்கிறது. 5 வருடமோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம். உங்கள் வீட்டுக்காரருக்கு 18 வருடம். பதினெட்டை இருபதால் பெருக்கிப் பாருங்கள், 360 நாள். ஏறக்குறைய ஒரு முழு வருடச் சம்பளம். இதைத் தவிர 8 வார நோட்டீஸ் உண்டு. அவரே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் இந்த இழப்பீட்டில் ஒரு காசு கிடைக்காது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ நடத்தும் வேலை காப்புறுதியும் அப்படித்தான். வேலை இழந்தவருக்கு ஆறு மாதம் வரை உதவித்தொகை தருவார்கள், தானாக விட்டவருக்குத் தரமாட்டார்கள்.

தோட்டம் கை மாறினாலும் வேலை போகும் என்று சொல்ல முடியாது. புது முதலாளி 7 நாளுக்குள் பழைய சம்பளத்துக்கும் சலுகைக்கும் குறையாமல் வேலை தருவதாகச் சொன்னால், உங்கள் வீட்டுக்காரரின் 18 வருடம் அப்படியே தொடரும். அந்த நேரத்தில் நல்ல காரணம் இல்லாமல் மறுத்தால் இழப்பீடு கிடையாது. அப்படி யாரும் சொல்லவில்லை என்றால் வேலை நிறுத்தப்பட்டதாகத்தான் கணக்கு, இழப்பீடு கொடுத்தாக வேண்டும். ஆகவே எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தால் சங்க ஒப்பந்தத்தில் இதற்கு மேலும் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். நானே பார்த்திருக்கிறேன்: விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்த உடனே பதறிப்போய் முதலில் கிளம்பியவர்கள் வெறுங்கையோடு போனார்கள். கடைசி வரை இருந்தவர்கள் காசோலையோடு போனார்கள்.

வீடு இன்னொரு விஷயம். நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை, ஆனால் தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது என்பது உங்களுக்குத் தெரியும். வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். சம்பளத்தை மட்டும் வைத்து வெளி வேலையையும் தோட்ட வேலையையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். சிம்பாங் அம்பாட்டிலோ ஜாவியிலோ ஒரு தரை வீட்டுக்கு என்ன வாடகை என்று விசாரித்து, அதைக் கழித்த பிறகு பாருங்கள்.

சரி, இப்போது அட்டவணைக்கு வருவோம்.

நான் 26 வருடம் பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் தொழிற்சாலைகளின் ஆள்சேர்ப்புப் பிரிவில் வேலை செய்தவள். அந்த மாதிரி அட்டவணைகளை நிரப்பி அனுப்பியதும் நான்தான், பிறகு அதை வைத்து மேலாளர்களுக்கு விளக்கம் சொன்னதும் நான்தான். அதனால் சொல்கிறேன், அதில் இருக்கும் எண்கள் பொய் இல்லை. ஆனால் உங்கள் குடும்பம் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதற்காக அதை யாரும் போடவில்லை.

உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரர் தோட்டத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கிறார், ஆகவே அவர் விவசாயத் துறை. அதே லோரியை, அதே குலையோடு, அதே மண் பாதையில் ஒரு போக்குவரத்து நிறுவனத்துக்காக ஓட்டினால் அவர் சேவைத் துறை. குலையை இறக்கும் ஆலை அவரை வேலைக்கு எடுத்திருந்தால் உற்பத்தித் துறை, ஏனென்றால் செம்பனை எண்ணெய் எடுப்பது உற்பத்தியில் சேரும். ஆள் மாறவில்லை, ஸ்டியரிங் மாறவில்லை, சம்பளச் சீட்டின் தலைப்பு மட்டும்தான் மாறுகிறது. துறை என்பது முதலாளி என்ன தொழில் செய்கிறார் என்பது. நாம் என்ன வேலை செய்கிறோம் என்பது வேறு கணக்கு.

உங்கள் கதை இன்னும் விசேஷம். தினமும் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு தொழிற்சாலைக்குள் போகிறீர்கள். ஆனால் சம்பளம் கொடுப்பவர் ஏஜென்ட். ஆள் அனுப்பும் தொழில் சேவைத் துறையில் வருகிறது. நிறுவனங்களிடம் கேட்டு எடுக்கும் கணக்கில் ஏஜென்டின் பட்டியலில் உள்ள நீங்கள் சேவைத் துறையில் விழுவீர்கள். வாசலில் நிற்கும் செக்யூரிட்டியும் சேவை, கேண்டீனில் சோறு போடும் அக்காவும் சேவை. மாவட்டத்தில் சேவைத் துறை பெரியது என்று சொன்னார்களே, அதற்குள் சுங்கை பாக்காப் மருத்துவமனை தாதியும் இருக்கிறார், டிரான்ஸ்கிரியானில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்துப் பேராசிரியரும் இருக்கிறார், சாலையோரம் கோரெங் பீசாங் விற்பவரும் இருக்கிறார். இவர்களை எல்லாம் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டு, மகனை அந்தத் துறைக்கு அனுப்பலாமா என்று கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்?

வேலையில் இருப்பவர் என்ற சொல்லையும் ஒரு தடவை யோசியுங்கள். தொழிலாளர் கணக்கெடுப்பில், கேட்கும் அந்த வாரத்தில் சம்பளத்துக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். உலகம் முழுவதும் வைத்திருக்கும் அளவு அதுதான், அதில் தப்பு இல்லை. ஆனால் சனிக்கிழமை மட்டும் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் நிற்கும் பையனும், வாரம் 45 மணி நேரம் வேலை செய்யும் நீங்களும் அந்த எண்ணிக்கையில் ஆளுக்கு ஒன்றுதான்.

விழுக்காட்டைப் பார்த்தும் மயங்க வேண்டாம். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், 40 பேர் இருந்த தொழிலில் 60 பேர் ஆனால் 50 விழுக்காடு உயர்வு என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். 9,000 பேர் இருக்கும் தொழிலில் 900 பேர் கூடினால் வெறும் 10 விழுக்காடுதான். வேலை தேடும் பையனுக்கு இந்த 900 முக்கியமா, அந்த 20 முக்கியமா? நம் மாவட்டம் போன்ற சின்ன இடத்தில் ஒரே ஒரு பெரிய தொழிற்சாலை வந்தால் கோடு செங்குத்தாக ஏறும். அது ஒரு வாசலை மூடினால் அப்படியே விழும்.

பிறகு, வேலை இருக்கும் இடமும் ஆள் இருக்கும் இடமும். பத்து காவான் தொழிற்பேட்டையில் வேலை பெருகியிருப்பது உண்மை. இரண்டாவது பாலம் 2014 மார்ச்சில் திறந்த பிறகு பினாங்குத் தீவின் பத்து மாவுங்கும் நம் பக்கமும் 24 கிலோமீட்டர் பாதையில் இணைந்துவிட்டன. அமெரிக்காவின் மைக்ரான், லாம் ரிசர்ச், பாஸ்டன் சயன்டிஃபிக், ஜெர்மனியின் போஷ் எல்லாம் அங்கே கட்டடம் எழுப்பின. ஐக்கியா கடையும் 2019-இல் வந்தது. ஆனால் பாலத்தில் இரண்டு பக்கமும் வண்டி ஓடுகிறது. பாயான் லெப்பாஸில் 20 வருட அனுபவம் உள்ள டெக்னீஷியன் அரை மணி நேரத்தில் இங்கே வந்துவிடுவார். வேலை நம் மாவட்டத்தில் இருக்கிறது, அதற்கு எடுக்கும் ஆள் நம் மாவட்டத்து ஆளாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தோட்டத்து வாசலில் இருந்து பார்த்தால் அந்தக் கட்டடங்களின் விளக்கு தெரிகிறது என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். அந்தப் பேச்சு என் மனத்தை விட்டுப் போகவே இல்லை. விளக்கு தெரியும் தூரத்தில் இருந்தும் நம் பிள்ளைகள் அங்கே கூட்டவும் பெட்டி தூக்கவும் மட்டும் போனால், அட்டவணை ஏறி நமக்கு என்ன ஆகப்போகிறது?

இந்த மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. நம் முன்னோர்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியபோது இங்கே இருந்தது கரும்பு. பிறகு கரும்பைப் பிடுங்கி ரப்பர் வைத்தார்கள். ரப்பரை வெட்டிச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் நிலம் அதே நிலம், ஆட்களின் நிலைமைதான் மாறியது. என் அம்மா பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். விடியற்காலையில் அப்பாவுக்கு ஒரு நிரை, அம்மாவுக்கு ஒரு நிரை. இரண்டு பேருக்கும் சம வேலை. செம்பனை வந்ததும் கதை மாறியது. உயரமான மரத்தில் கழியில் கட்டிய அரிவாளால் குலை அறுப்பது ஆண்களின் வேலை ஆனது. பெண்களுக்கு உதிரிப் பழம் பொறுக்குவது, உரம் போடுவது, புல்லுக்கு மருந்து அடிப்பது. ரப்பரை விடச் செம்பனைக்கு ஆளும் குறைவாகவே போதும். பால் மரத்துக்கு விடியும்போதெல்லாம் ஆள் வேண்டும், செம்பனையில் ஒரே நிரைக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போனால் சரி.

அதே காலத்தில்தான் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை திறந்தது. 1972-இல் இன்டெல் வந்தது, அதைச் சுற்றி இன்னும் பல வந்தன. நுண்ணிய கம்பியை ஒட்டும் வேலைக்கு இளம் பெண்கள் வேண்டும் என்று தோட்டத்து வாசல் வரை பேக்டரி பஸ் அனுப்பினார்கள். என் அக்கா அந்தப் பஸ்ஸில் ஏறியவர். புள்ளிவிவரத்தில் அதை விவசாயத்தில் இருந்து உற்பத்திக்கு மாறிய காலம் என்று எழுதுவார்கள். எங்கள் வீட்டில் அது அக்காவின் கண்ணாடி. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து 30 வயதுக்குள் கண்ணாடி போட்டுவிட்டார்.

விவசாயம் இறங்குகிறது என்றால் வேலையே இல்லை என்று அர்த்தம் இல்லை. கொரோனா காலத்தில் எல்லையை மூடியபோது குலை வெட்ட ஆள் இல்லாமல் பழம் மரத்திலேயே அழுகியது. ஆள் தேவை இருந்தது, இருக்கிறது. நம் பிள்ளைகள் போகாத சம்பளத்துக்கும் நிலைமைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை வைத்து ஓட்டுகிறார்கள். அது வேறு ஒரு பெரிய பேச்சு.

அப்புறம் செமிகண்டக்டர். அக்கம்பக்கத்தில் சொல்வதில் உண்மை உண்டு. பினாங்கில் அரை நூற்றாண்டாக அது ஓடுகிறது. அரசாங்கமும் 2024-இல் தேசிய செமிகண்டக்டர் திட்டம் ஒன்றை அறிவித்து 60,000 பொறியாளர்களை உருவாக்குவோம் என்றது. அந்த எண்ணைக் கவனியுங்கள். அவர்கள் கேட்பது பொறியாளர்கள். ஆபரேட்டர்கள் இல்லை. இயந்திரத்தில் தட்டை வைத்து எடுக்கும் வேலையை இயந்திரமே செய்யப் பழகிக்கொண்டு வருகிறது.

இந்தத் தொழில் ஏறுவது போலவே இறங்கவும் செய்யும். 2001-இல் உலகம் முழுவதும் மின்னணுத் தொழில் சரிந்தது. அப்போது நான் வேலை செய்த தொழிற்சாலையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கேண்டீனுக்குப் பக்கத்தில் இருந்த பயிற்சி அறையில் மேஜை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். பெயரைப் படித்துக் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். ஆறாவதோ ஏழாவதோ வந்தவர் தோட்டத்தில் இருந்து வரும் ஒரு அக்கா, என்னோடு ஒரே பஸ்ஸில் பல வருடம் வந்தவர். கடிதத்தைப் படிக்கவே இல்லை. நாலாக மடித்துச் சோற்று டப்பாவின் மூடிக்கும் டப்பாவுக்கும் நடுவில் வைத்து மூடினார். பிறகு என்னைப் பார்த்து, "நான் இங்கே 11 வருசமா என்ன வேலை செஞ்சேன்னு வேற கம்பெனியில் கேட்டா என்னம்மா சொல்றது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் பார்த்த வேலைக்கு அந்தத் தொழிற்சாலைக்கு வெளியே பெயரே கிடையாது. ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தில் ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு மூன்றாவது ஸ்டேஷன், அவ்வளவுதான். அந்த வேலையில் அவரைப் பதினொரு வருடம் வைத்திருந்ததில் எனக்கும் பங்கு இருந்தது. பயிற்சிக்குப் பெயர் கேட்டபோதெல்லாம் லைனை விட்டு எடுக்க முடியாது என்று சூப்பர்வைசர் சொன்னதை நான் எதிர்க்கவில்லை.

அன்றிலிருந்து யார் என்னிடம் எந்தத் துறை என்று கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தத் துறை விழுந்தால் அந்தக் கை வேறு எங்கே போகும்?

இதற்கு நல்ல உதாரணம் என் தாய்மாமா. செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்தவர். பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் நார்களையும் கொட்டை ஓடுகளையும்தான் எரிபொருளாக உள்ளே தள்ளுவார்கள். சின்ன வயதில் சோறு கொண்டுபோனபோது பார்த்திருக்கிறேன். வாயால் என்னோடு பேசிக்கொண்டே இருப்பார், கண் மட்டும் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை விட்டு நகராது. தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "நீயும் நானும் இருக்க மாட்டோம்" என்றார். அதற்குத் தேர்வு எழுதி அரசாங்கத்தின் பாய்லர் சான்றிதழ் வாங்கியிருந்தார். ஆலையை மூடினார்கள். அடுத்த மாதமே கையுறைத் தொழிற்சாலையில் கூப்பிட்டார்கள், அங்கேயும் பாய்லர் இருக்கிறது. அதன்பிறகு உணவுத் தொழிற்சாலை. கணக்குப் பார்க்கிறவர் அவரை மூன்று தடவை வேறு வேறு வரிசையில் போட்டிருப்பார். மாமா தன்னைப் பாய்லர்காரன் என்றே சொல்லிக்கொண்டார், ஓய்வு பெறும் வரை.

உங்கள் மகன் வாஷிங் மெஷின் பார்க்கிறான் என்று நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதினீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த வரி. நின்ற மெஷினைத் திறந்து, எங்கே மின்சாரம் வருகிறது, எங்கே வரவில்லை என்று பொறுமையாகத் தேடும் புத்தி எல்லாருக்கும் வராது. தொழிற்சாலையில் பராமரிப்பு டெக்னீஷியன் செய்வது அதைத்தான். அந்த வேலை சிப் தொழிற்சாலையிலும் இருக்கிறது, மருத்துவமனையிலும் இருக்கிறது, செம்பனை ஆலையிலும் இருக்கிறது, பேரங்காடியின் ஏர்கான் அறையிலும் இருக்கிறது. ஒன்று விழுந்தால் மற்றொன்றுக்குப் போகலாம்.

அதற்கு அவனிடம் இப்போது இல்லாதது ஒரு தாள். நிபோங் தெபாலிலேயே ஆறுமுகம் பிள்ளை பெயரில் மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. பல பேர் பக்கத்திலேயே இருந்துகொண்டு அதன் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. மின்சாரம், இயந்திரப் பராமரிப்பு, குளிர்சாதனம் இந்த மாதிரி பயிற்சிகளில் இந்தத் தவணைக்கு எது திறந்திருக்கிறது, எஸ்.பி.எம்.மில் என்ன கேட்கிறார்கள், விடுதி உண்டா என்று நேரில் கேளுங்கள். மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., மூன்று நிலைகளாக இருக்கும். மூன்றாம் நிலை வரை முடித்தால்தான் கைக்கு மரியாதை. இரண்டில் நிறுத்திவிட்டு வேலைக்கு ஓடிவரும் பையன்களை நான் நிறைய நேர்முகம் கண்டிருக்கிறேன், அவர்களைத் திரும்பவும் ஆபரேட்டர் சம்பளத்தில்தான் போட்டோம். மூன்றுக்கு மேலே டிப்ளோமாவும் அதே வழியில் இருக்கிறது. மின்சாரப் பக்கம் போனால் எரிசக்தி ஆணையத்தின் வயரிங் தகுதிச் சான்றிதழையும் பின்னால் எடுக்கலாம், அது இருந்தால் சொந்தமாகவும் பிழைக்கலாம்.

வீட்டில் பணம் வேண்டும், படித்துக்கொண்டே உட்கார முடியாது என்றால் இன்னொரு வழி உண்டு. தேசிய இரட்டைப் பயிற்சி முறை என்று பெயர், எஸ்.எல்.டி.என். என்பார்கள். பெரும்பகுதி நேரம் கம்பெனியில் வேலை செய்து பழகுவது, மீதி நேரம் வகுப்பு. பயிற்சிக் காலத்தில் கம்பெனி மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கும். வேலை பழகிக்கொண்டே சான்றிதழும் வரும். தீவுப் பக்கம் 1989-இல் தொடங்கிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் இருக்கிறது. தொழிற்சாலைகளே சேர்ந்து நடத்துவதால் எந்த இயந்திரம் உள்ளே வருகிறது என்று அவர்களுக்கு முதலில் தெரியும். தனியார் பயிற்சிக்குக் கட்டணம் அதிகம் என்றால் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடன் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள், சேர்ந்த பிறகு கேட்காதீர்கள்.

அந்த 2,600 வெள்ளியைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் மகன் மனத்தில் ஓடுவது அதுதான். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் இருந்து 1,700 வெள்ளி. கூட்டாளியின் அடிப்படைச் சம்பளம் அதை ஒட்டித்தான் இருக்கும், மீதி எல்லாம் ஓவர்டைமும் ஷிஃப்ட் அலவன்ஸும். ஆர்டர் குறையும் மாதத்தில் முதலில் நிறுத்துவது ஓவர்டைமைத்தான். அதற்குள் அந்தச் சம்பளத்தை நம்பி மோட்டார் தவணை போட்டிருப்பான். மகனிடம் இதைத் திட்டுவது போலச் சொல்லாதீர்கள். கூட்டாளியின் சம்பளச் சீட்டை இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கட்டும். அடிப்படை எவ்வளவு, மீதி எவ்வளவு என்று அவனே கோடு போட்டுப் பார்த்தால் போதும். இப்போதைக்குக் கைச்செலவுக்கு இரண்டு மூன்று மாதம் போய்வருவதில் தவறு இல்லை. பயிற்சியில் சேரும் தேதியை முடிவு செய்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் வீட்டுக்காரரையும் சேர்த்துச் சொல்கிறேன். அட்டவணையில் இறங்கும் துறையில் அவர் இருக்கிறார் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். அவருடைய தொழில் விவசாயம் இல்லை, ஓட்டுநர். கனரக வண்டி உரிமமும் சரக்கு வண்டி ஓட்டுவதற்கான ஜி.டி.எல். உரிமமும் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்துக்குள்ளேயே ஓட்டுபவர்கள் சிலர் புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்கள். அதை மட்டும் சரியாக வைத்திருந்தால் பட்டர்வொர்த் கொள்கலன் துறைமுகத்தில் இருந்து பத்து காவான் கிடங்குகள் வரை அவர் கைக்கு வேலை இருக்கிறது. முதலாளியின் கடிதம் வரும் வரை அவர் காத்திருக்கலாம், உரிமத்தைக் காக்க வைக்க வேண்டாம்.

கடைசியாக உங்களைப் பற்றி. நீங்கள் உங்களுக்காக ஒன்றுமே கேட்கவில்லை. மூன்று பேருக்கும் நடுவில் ஆபத்தான இடத்தில் இருப்பது நீங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கைப்பேசியில் இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதிக் கணக்கைத் திறந்து, உங்கள் பெயரில் மாதாமாதம் பணம் போடும் முதலாளி யார், எந்த மாதமாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளம் 5,000 வெள்ளிக்குள் என்றால் உங்கள் பங்கு 11 விழுக்காடு, முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. சம்பளச் சீட்டில் பிடித்துவிட்டு அங்கே கட்டாமல் இருந்தால் இபிஎஃப் அலுவலகத்தில் புகார் செய்யலாம். ஏஜென்டின் பெயர் நடுவில் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். சில ஏஜென்ட்கள் வருடத்துக்கு ஒரு கம்பெனிப் பெயரில் புது ஒப்பந்தம் போடுவார்கள். அப்படிச் செய்தால் உங்கள் மூன்று வருட வேலையைத் தாளில் ஒரு வருடமாகக் காட்ட முடியும். ஒப்பந்தக் காலம் முடிந்தது என்று நிறுத்தினால், முன்னே சொன்ன வேலை காப்புறுதியும் கைகொடுக்காது. தொழிற்சாலை நேரடி ஆபரேட்டர்களை எடுக்கும்போது அறிவிப்புப் பலகையில் போடுவார்கள், சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்திலும் போடுவார்கள். உள்ளே மூன்று வருடம் வேலை செய்தவருக்கு அங்கே முன்னுரிமை கேட்கும் உரிமை சட்டத்தில் இல்லை. ஆனால் லைன் லீடர் ஒரு வார்த்தை சொன்னால் ஆள்சேர்ப்பு மேஜையில் அது எடுபடும். அந்த மேஜையில் உட்கார்ந்தவள் சொல்கிறேன், கேளுங்கள். கேட்காதவர் பெயர் எங்கள் காதுக்கு வந்ததே இல்லை.

பயிற்சிக் கழகத்துக்குப் போகும் அன்றைக்கு ஒரு வார நாளாகப் பார்த்துப் போங்கள். பட்டறை ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்தால்தான் பையனுக்குப் பிடிக்கிறதா என்று தெரியும். எஸ்.பி.எம். சான்றிதழ் நகல், அடையாள அட்டை, ஒரு பேனா. விவரங்களை அவனே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். அவன் ரிப்பேர் செய்த மெஷின்களில் ஒன்றிரண்டைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தால் அதையும் பயிற்றுநரிடம் காட்டச் சொல்லுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர், பட்டர்வொர்த்